மீட்டர் ரூம் பொறுப்பாளர்

செம்பியன் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவன். கே.கே. நகரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவனுக்கு வேலை. விடிந்தும் விடியாமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர், அடையாறு, தி. நகர் என்று வீடு வீடாகப் போவான். வெறும் வயிற்றோடும் கடுகடுத்த முகத்தோடும் காத்திருக்கும் பெரியவர்களின் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்து வருவான். குத்துவதற்கு முன்னால், “குத்தட்டுமா சார்?” என்று கேட்பான். சார் தலையாட்டிய பிறகுதான் குத்துவான். அப்படிப்பட்டவன் மந்தைவெளியில் லம்போதரா என்கிளேவ் அடுக்ககத்துக்குக் குடிவந்தது தலையெழுத்தா, புரோக்கரின் சாமர்த்தியமா என்று இன்றுவரை தெரியவில்லை.

பெயர்தான் என்கிளேவ். மூன்று மாடி, ஒரு லிஃப்ட், அடிக்கடி கோபித்துக்கொள்ளும் ஒரு தண்ணீர் மோட்டார். ஆனால் அதற்கு ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் இருந்தது. சங்கத்துக்கு விதிகள் இருந்தன. மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதிலிருந்து வாசலில் ஆட்டோ நிற்கும் திசை வரைக்கும் எல்லாவற்றுக்கும் விதி உண்டு. நலத்துக்கு மட்டும்தான் விதி எதுவும் எழுதப்படவில்லை.

செம்பியனின் மனைவி கயலுக்கு ஏழாம் மாதம். போன வருடம் ஒன்று தங்காமல் போய்விட்டது. அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாள். செம்பியன் அடையாறில் யாரோ ஒருவருக்குச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாளை இரண்டு பேருமே பேசிக்கொள்வதில்லை. இந்த முறை டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். படுக்கையை விட்டு இறங்கக் கூடாது, படி ஏறக் கூடாது, பயணம் கூடவே கூடாது.

கயலுக்கு வேலை ஒரு வெளிநாட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு வரும் புகார்களைப் போனில் கேட்டுச் சமாதானம் சொல்வது. மதியத்தில் ஆரம்பித்து இரவுச் சாப்பாட்டு நேரம் வரை. வீட்டிலிருந்தே செய்யலாம் என்று கம்பெனி பெரிய மனதோடு அனுமதித்தது. ஒரே ஒரு நிபந்தனை: லைன் அறுந்துபோகக் கூடாது. அறுந்துகொண்டே இருந்தால் சிறுசேரிக்கு ஆபீசுக்கு வர வேண்டும். வர முடியாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாதவளுக்குப் பிரசவ விடுப்பு ஏது?

“எனக்கு ரெண்டே ரெண்டுதான் வோணும்” என்றாள் கயல். “என் வேலை போவக் கூடாது. வலி வந்தா நீ பக்கத்துல இருக்கணும். அப்பால உன் இஷ்டம்.”

“இருப்பேன் கயலு. சத்தியமா.”

வீட்டு ஹாலில் இருந்த இண்டர்நெட் ரவுட்டர், பின்பக்கப் படுக்கையறையை எட்டிப் பார்க்க மறுத்தது. நடுவில் பழைய காலத்துச் சுவர். பீரங்கிக்குப் பயந்து கட்டியதுபோல அவ்வளவு பருமன். ஹாலிலேயே படுக்கலாம் என்றால் ஜன்னலுக்குக் கீழே பஸ் ஸ்டாப்பு. ஒவ்வொரு ஹாரனுக்கும் வெளிநாட்டு அம்மாள் ஒருத்தி, “அங்கே ஏதாவது விபத்தா?” என்று விசாரித்தாள். தரையில் கேபிளை இழுத்துப் போட்டான். பாத்ரூமுக்குப் போன கயல் அதில் கால் தடுக்கி, பீரோவைப் பிடித்துத் தப்பினாள். சுவரோரமாக ஆணி அடித்து இழுக்கலாம் என்றால், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். சிக்னலைக் கூட்டித் தரும் ரிபீட்டர் ஒன்று வாங்கிப் பார்த்தான். வராத சிக்னலை அது பொறுப்பாக இன்னொரு முறை வராமல் செய்தது.

கடைசியில் ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரன் வழி சொன்னான். “வூட்ல கரண்டு ஒயர் ஓடுதில்ல மச்சி? அது மேலயே நெட்டு ஏறிப் போயிடும். இந்த டப்பாவ ரவுட்டராண்ட பிளக்குல சொருகு. இந்த டப்பாவ பெட்ரூம் பிளக்குல சொருகு. ஆணி வேணாம், கேபிள் வேணாம். சுவத்துக்குள்ள கீற ஒயரே உன் கேபிளு.”

சோப்புக்கட்டி அளவில் இரண்டு வெள்ளை டப்பாக்கள். பவர்லைன் அடாப்டர் என்று பெயர். செம்பியன் வீட்டுக்கு வந்து இரண்டையும் சொருகினான். இரண்டிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. கடைக்காரனுக்குப் போன் செய்தான்.

“ரெண்டு ரூமும் ஒரே பேஸ்ல கீதா மச்சி? வேற வேற பேஸ்னா இதுங்க ஒண்ணோட ஒண்ணு பேசிக்காது. ஹால் எந்த பேஸோ அதுக்கே பெட்ரூமையும் மாத்தி வுடு. கீழ மீட்டராண்ட ஒரு திருகு, வேலை முடிஞ்சிது.”

பேஸ் என்பது கட்டடத்துக்கு வரும் மூன்று கரண்ட் லைன்களில் ஒன்று; அதை மாற்றுவது சென்னைக்காரனுக்குப் புதிதல்ல. கோடையில் ஒரு பேஸ் போனால் பாதி ஊர் பனியனோடு கீழே ஓடிப்போய் இன்னொரு பேஸுக்குத் திருகிவிட்டு வந்து ஃபேனடியில் உட்கார்ந்துகொள்ளும். லம்போதராவில் மட்டும் அப்படி ஓட முடியாது. அங்கே மீட்டர் ரூம் பூட்டியிருக்கும். சாவி சங்கத் தலைவர் வெங்கடரமணன் வீட்டுப் பூஜை அலமாரியில், விபூதி மடலுக்குப் பக்கத்தில் இருக்கும்.

வெங்கடரமணன் சர்க்காரில் ஏதோ ஒரு இலாகாவில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்த இலாகா என்று கேட்டவர்களுக்கு அவர் பதில் சொல்லி முடித்ததே இல்லை. மாதா மாதம் அவருக்குச் சர்க்கரை பார்ப்பவன் செம்பியன்தான். அந்த உரிமையில் போய் நின்றான்.

“சார், மீட்டர் ரூம் சாவி ஒரு நிமிஷம் கிடைக்குமா சார்? பெட்ரூம் லைனைப் பேஸ் மாத்தணும். இண்டர்நெட்டுக்காக.”

வெங்கடரமணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். பெரிய விஷயம் வரும்போது அவர் கண்ணாடி இல்லாமல்தான் பார்ப்பார்.

“தம்பி, உங்க நிமிஷம் எனக்குப் புரியறது. ஆனா கொள்கைன்னு ஒண்ணு இருக்கு பாருங்கோ. கரண்ட் உங்களுது. அதை நான் மறுக்கலை. ஆனா கம்பி? சுவர்? ரெண்டும் சங்கத்துது. சங்கத்தோட கம்பி மேல உங்க இண்டர்நெட் ஏறிப் போறதுன்னா, அது குடியேறறதா, விருந்தாளியா வந்துட்டுப் போறதா? இதை முதல்ல முடிவு பண்ணணும்.”

“ஒரு திருகுதான் சார்.”

“எல்லாமே ஒரு திருகுதான் தம்பி. சர்க்கார்ல நான் ஒரு கையெழுத்தைப் பதினாலு வருஷம் போடாம வச்சிருந்தேன். அதனாலதான் அந்தப் பாலம் இன்னிக்கும் இடிஞ்சு விழாம இருக்கு. கட்டவே இல்லையோல்லியோ.”

அவர் சிரிக்கவில்லை. செம்பியனும் சிரிக்கவில்லை. வாடகைக்கு இருப்பவர் சங்கத்துக்கு நேரடியாக எதையும் கேட்க முடியாது, வீட்டு உரிமையாளர் மூலமாகத்தான் வர வேண்டும் என்று வெங்கடரமணன் வழிகாட்டினார். அடையாறில் இருந்த வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டால், “சங்கம் என்ன சொல்றாங்களோ அதைக் கேட்டுக்கோங்க, என்னை இழுக்காதீங்க” என்று வைத்துவிட்டாள். சங்கம் உரிமையாளரைக் கேட்கச் சொன்னது. உரிமையாளர் சங்கத்தைக் கேட்கச் சொன்னாள். நடுவில் செம்பியன் செருப்பைத் தேய்த்தான்.

இதற்குள் விஷயம் அடுக்கக வாட்ஸாப் குழுவுக்குப் போய்விட்டது. அதில் வாடகைதாரர்கள் படிக்கலாம், எழுத முடியாது. இரண்டாம் மாடியில் இண்டர்நெட்டைக் கரண்டில் கலக்கப் போகிறார்கள் என்று யாரோ போட்டார்கள். இண்டர்நெட் கலந்த கரண்டில் மாவு அரைத்தால் வயிற்றுக்கு ஆகுமா என்று ஒருவர் கேட்டார். ஃப்ரிட்ஜில் இருக்கிற பாலுக்கு ஏதாவது ஆகுமா என்று இன்னொருவர் கேட்டார். பெயர் தெரியாத ஒரு டாக்டரின் குரல் பதிவு வந்தது, ஆகும் என்றார். செம்பியன் வீட்டில் பார்க்கிற படம் எங்கள் டிவியில் தெரியுமா என்று மூன்றாம் மாடிப் பெரியவர் கவலைப்பட்டார். சற்று நேரம் கழித்து, நல்ல படமாக இருந்தால் ஆட்சேபம் இல்லை என்று அவரே சேர்த்துக்கொண்டார். செம்பியன் எல்லாவற்றையும் படித்தான். பதில் தொண்டைவரை வந்தது. எழுதும் இடத்தில் ‘நிர்வாகிகள் மட்டும்’ என்று இருந்தது.

விளைவாகத் தொழில்நுட்பத் துணைக்குழு ஒன்று அமைந்தது. அதன் அமைப்பாளர் கபாலி. ஃபேன் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்தவர் என்பதால் சுற்றக்கூடிய, எரியக்கூடிய எல்லாவற்றிலும் அவர் நிபுணர். உறுப்பினர், சங்கச் செயலாளர் அபயாம்பாள், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. யார் பேசினாலும் அதில் பிழை திருத்துவார். துணைக்குழு நேரில் ஆய்வு செய்ய வந்தபோது கயல் படுத்தபடியே செல்போனை ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, அதில் வந்த அரைகுறை சிக்னலில் ஒரு வெளிநாட்டுக் கிழவருக்கு இடிந்துபோன கூரையைப் பற்றி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அவங்க போன் கால்ல இருக்காங்க சார், கொஞ்சம் மெதுவா…” என்றான் செம்பியன்.

“நாங்க சத்தம் போடவே மாட்டோம்” என்று கபாலி அடுத்த தெருவுக்குக் கேட்கும்படி சொன்னார். சட்டைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, கட்டிலோரத்து பிளக்கில் சொருகினார். டெஸ்டரின் தலையில் சின்ன விளக்கு எரிந்தது. அவர் முகமும் சேர்ந்து எரிந்தது. “பாத்தீங்களா! நெட்டு ஃபுல்லா இருக்கு.”

“சார், அது கரண்டு…”

“கரண்டு மேலதான நெட்டு வருதுன்னு சொன்னீங்க? கரண்டு இருக்குன்னா நெட்டும் இருக்குன்னுதான அர்த்தம்?”

அபயாம்பாள் யோசித்தார். “கபாலி, எங்காத்து பிளக்குலயும் இதே மாதிரி எரியறதே. அப்போ எங்களுக்கும் இண்டர்நெட் வந்துண்டுதான் இருக்கா?”

“வருது மாமி. இத்தனை வருஷமா வந்துகிட்டுதான் இருக்கு. நாமதான் உபயோகிக்கலை.”

“அக்கிரமம்! இவ்வளவு நாளா வீணாப் போயிருக்கே!”

கயல் காதைப் பொத்திக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். கூரை இடிந்த கிழவர், பின்னால் ஏதோ கூட்டம் நடக்கிறதே, என் கஷ்டத்தை எத்தனை பேர் கேட்கிறீர்கள் என்று கோபித்துக்கொண்டு வைத்துவிட்டார். மறுநாள் கயலுக்குக் கம்பெனியிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது. அதே நாளில் துணைக்குழுவின் அறிக்கையும் சங்கத்துக்கு வந்தது: இண்டர்நெட் எல்லா பிளக்குகளிலும் சமமாக இருக்கிறது, ஒரு வாடகைதாரர் மட்டும் அதைத் திருகி எடுத்துக்கொள்வது மற்ற உரிமையாளர்களின் பங்கைப் பாதிக்கும், ஆகவே பொதுக்குழு கூட வேண்டும்.

பொதுக்குழு கூடுவது சுலபமல்ல. கோரம் வேண்டும், அதாவது விதிப்படி இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும். கல்யாணம், கிருத்திகை, அமெரிக்காவிலிருந்து வந்த பேரன் என்று கோரம் கலைந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தவர்கள் ஒரு நிமிட மௌனப் பிரார்த்தனை செய்துவிட்டு, கோரம் இல்லை என்று தீர்மானித்து, அந்தத் தீர்மானத்துக்குக் கோரம் உண்டா என்று விவாதித்துவிட்டுக் கலைந்தார்கள். கயலின் வயிறு மட்டும் கோரத்துக்குக் காத்திருக்காமல் வளர்ந்தது. இரண்டாவது எச்சரிக்கையும் வந்தது. அடுத்த முறை அறுந்தால் சிறுசேரிக்கு வந்துவிடும்படி மேலாளர் இனிமையான குரலில் சொன்னாள். அன்று மாலை கயல் சாப்பிடவில்லை. செம்பியனுக்கு அவள் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

கடைசியில் கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நடந்தது. உரிமையாளர்களுக்கு நாற்காலி. செம்பியன் தூணோரமாக நின்றான். வாடகைதாரர் பேச விதியில் இடமில்லாததால் அவன் அபயாம்பாளின் காதில் சொல்ல, அவர் அதைச் சபைக்கு எடுத்துச் சொல்வதாக ஏற்பாடு.

“ஒரு திருகு திருகினா போதும் மேடம். எம் பொண்டாட்டி வேலை போயிடும். தயவுபண்ணி சாவியைக் குடுக்கச் சொல்லுங்க” என்றான் செம்பியன் காதோரமாக.

அபயாம்பாள் நிமிர்ந்தார். “திரு. செம்பியன் அவர்கள் சங்கத்தின் மேலான வழிகாட்டுதலை நாடி நிற்கிறார். அவசரம் ஒன்றும் இல்லை என்கிறார்.”

“மேடம், நான் அப்படிச் சொல்லலை…”

“நீ சொன்னதுல எழுவாய் இல்லைப்பா. நான் திருத்திச் சொன்னேன்.”

வெங்கடரமணன் எழுந்து தீர்ப்பு சொல்லும் குரலில் பேசினார். “நம்ம சங்கம் ஈரமில்லாத சங்கம்னு யாரும் நாளைக்குச் சொல்லப்படாது. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு சம்பந்தப்பட்ட விஷயம். அதனால நான் அனுமதிக்கறேன். சோதனை முறையில. ஆனா ஒரு வீட்டோட ரெண்டு லைனும் ஒரே பேஸ்ல ஓடினா லோடு ஏறும். ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? ஆகவே, அந்தப் பொண்ணு வேலை பாக்கற நேரம் முழுக்க மீட்டர் ரூம்ல ஒரு பொறுப்பாளர் உக்காந்து கவனிச்சுண்டு இருக்கணும்.”

எல்லோரும் செம்பியனைப் பார்த்தார்கள். அவன் செய்யக் கூடாத காரியத்தைப் பழக்கதோஷத்தால் செய்தான். “சரிங்க சார்” என்றான்.

“இன்னொண்ணு. மீட்டர் ரூம் எப்பவும் பூட்டியே இருக்கணும்னு விதி. உள்ள ஆள் இருந்தா பூட்ட வேண்டாம்னு விதியில எங்கயும் போடலை.”

கூட்டம் கைதட்டியது. செம்பியனுக்கு அது தனக்கா, பூட்டுக்கா என்று புரியவில்லை. ஒரே கட்டடத்தில்தானே இருக்கப் போகிறோம், கயலுக்குப் பக்கத்தில்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து வாழ்க்கை ஒரு ஒழுங்குக்கு வந்தது. காலையில் ஊராருக்கு ரத்தம் எடுப்பான். மதியம் வந்து கயலுக்குச் சோறு போட்டுவிட்டுக் கீழே போவான். வெங்கடரமணன் கதவைத் திறப்பார், செம்பியன் உள்ளே போவான், வெங்கடரமணன் பூட்டுவார். கயல் வேலை முடிந்ததும் வெங்கடரமணனும் இன்னொரு நிர்வாகியும் சேர்ந்து வந்து திறப்பார்கள்; உள்ளே ஆள் இருக்கும் ரூமை ஒருவர் மட்டும் திறக்கக் கூடாது என்று புதிதாக ஒரு விதி. உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, வரிசையாக மீட்டர்கள், அவற்றுக்குக் கீழே வீட்டு எண் எழுதிய பீங்கான் பியூஸ் கட்டைகள், காற்று வருவதற்குச் சுவரில் ஓட்டை ஓட்டையாக ஒரு சிமெண்ட் ஜாலி. பேஸை முதல் நாளே திருகிவிட்டான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாடியில் இரண்டு டப்பாக்களிலும் பச்சை விளக்கு எரிந்தது. கயலின் லைன் கல்லில் செதுக்கியதுபோல நின்றது. அவள் இடைவேளையில் போன் செய்து, “சூப்பராக்கீது! ஆனா நீ அங்க இன்னா பண்றே?” என்று கேட்பாள்.

“மீட்டர் ஓடுதான்னு பாத்துக்கினு இருக்கேன்.”

“ஓடுதா?”

“ஓடுது.”

வாட்ச்மேன் சின்னப்பையன் ஜாலி வழியாக டீயை நீட்டுவார். பெயர்தான் சின்னப்பையன், தலை முழுக்க நரை. “இன்னா சார், உள்ள காத்து வருதா? நம்பள ஜெயில்ல வெச்சாக்கூட வெளிய தொறந்து வுடற நேரம்னு ஒண்ணு உண்டு சார்” என்பார்.

நாளாக ஆக அடுக்ககத்துக்குச் செம்பியன் ஒரு வசதியாகிப்போனான். தம்பி, எங்க மீட்டர் இந்த மாசம் ரொம்ப ஓடுதா பாருங்க என்று ஒரு அம்மாள் ஜாலியில் வாயை வைத்துக் கேட்பாள். கூரியர்காரன் பார்சலை உள்ளே தள்ளிவிட்டுப் போவான். கபாலி ‘பொறுப்பாளர்’ என்று ஒரு பலகை எழுதி வெளியே மாட்டினார். பக்கத்து அடுக்ககத்தின் தலைவரை வெங்கடரமணன் அழைத்துவந்து ஜாலி வழியாகக் காட்டினார். “உங்ககிட்ட சோலார் இருக்கலாம் ஓய். உள்ளேயே ஆள் இருக்கற மீட்டர் ரூம் இருக்கா? இது நிர்வாகம்!” வந்தவர் பொறாமையோடு எட்டிப் பார்த்தார். செம்பியன் எழுந்து வணக்கம் சொன்னான்.

டாக்டரம்மா சொன்ன தேதிக்கு முன்னாலேயே, ஒரு மாலை நேரத்தில் கயலிடமிருந்து போன் வந்தது.

“யோவ், வலி வந்துடுச்சுய்யா.”

அவன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். “நெசமாவா?”

“நெசமாத்தான். பொய்யாவா வரும்? மேடமாண்ட சொல்லிட்டேன். இன்னிலேர்ந்து லீவு போட்டுட்டாங்க. வேலை தப்பிச்சிது. எதிர் வூட்டு தேவானையக்கா வந்துகீறாங்க, என்னக் கீழ இட்டாறாங்க. சின்னப்பையன் ஆட்டோ கூப்புடப் போயிருக்காரு. நீ வெளிய வா.” பிறகு அவள் குரல் உடைந்தது. “இந்தத் தடவ தனியா போவமாட்டேன்யா. செத்தாலும் போவமாட்டேன்.”

செம்பியன் வெங்கடரமணனுக்குப் போன் செய்தான். அவர் முதல் மாடியில்தான் இருந்தார். பின்னால் டிவி ஓடும் சத்தம் கேட்டது.

“சார், கயலுக்கு வலி வந்துடுச்சு. கதவைத் தொறங்க சார்.”

“ரொம்ப சந்தோஷம்! நல்லபடியாப் பொறக்கட்டும். ஆனா தம்பி, திறக்கறதுக்கு ரெண்டு நிர்வாகிகள் வேணுமே. அபயாம்பாள் பக்கத்துத் தெரு சபாவுல கச்சேரிக்குப் போயிருக்கா. கபாலி வாக்கிங் போயிருக்கார்.”

“சார், இது எமர்ஜென்சி சார்!”

“நான் எங்க மறுத்தேன்? எமர்ஜென்சியேதான். எமர்ஜென்சின்னா அவசரக் கூட்டம் போடணும். அவசரக் கூட்டத்துக்கு முன்னறிவிப்பு குடுக்கணும். நான் ஒருத்தனாத் திறந்துட்டேன்னு வைங்கோ, நாளைக்கு இது முன்னுதாரணம் ஆயிடும். ஒவ்வொருத்தரும் பிரசவம்னு வந்து நிப்பா.”

போன் வைக்கப்பட்டது. செம்பியன் கதவைத் தோளால் இடித்தான். அது அந்தக் காலத்து இரும்புக் கதவு. ஜாலிக்கு வெளியே சின்னப்பையனின் முகம் தெரிந்தது. “ஆட்டோ வந்துடுச்சு சார். பூட்ட ஒடச்சா என் வேலை பூடும். இல்லாட்டி ஒடச்சிருப்பேன், அம்மா மேல ஆணை.” செம்பியனுக்கு அழுகை வந்தது. போன வருடத்து ஆஸ்பத்திரி வராந்தா கண்முன் வந்து நின்றது.

கயல் மறுபடி கூப்பிட்டாள். கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

“தொறக்கலியா?”

“கோரம் வேணுமாம்.”

“யோவ், அந்த ரூம்ல இன்னாலாம் கீது? சொல்லு.”

“மீட்டருங்க கீது. நாற்காலி கீது. பியூஸ் கட்டைங்க கீது.”

“எல்லா வூட்டுதுமா?”

“எல்லா வூட்டுதும்.”

“அப்பறம் இன்னாத்துக்குய்யா போன்ல கெஞ்சிக்கினு கீற?”

செம்பியன் திரும்பிப் பார்த்தான். இத்தனை வாரமாகக் கைக்கெட்டும் தூரத்தில் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள். அவன் முதலில் வெங்கடரமணனின் கட்டையைப் பிடித்தான். பழக்கதோஷம், “எடுக்கட்டுமா சார்?” என்று வாய் முணுமுணுத்தது. யாரும் பதில் சொல்லவில்லை. பிடுங்கினான். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டே போனான். லிஃப்டில் யாராவது இருந்துவிடுவார்களோ என்று அதை மட்டும் தொடவில்லை. இன்னும் அவன் செம்பியன்தானே.

டிவி நின்றது. ஃபேன்கள் நின்றன. கதவுகள் திறந்தன. சற்று நேரத்தில் மீட்டர் ரூம் வாசலில் செல்போன் வெளிச்சத்தோடு அடுக்ககமே கூடிவிட்டது. வாக்கிங்கிலிருந்து திரும்பிய கபாலி, போன் வந்து கச்சேரியில் பாதியில் எழுந்து வந்த அபயாம்பாள், வேட்டியைக் கட்டியபடியே வெங்கடரமணன். அவர் விளக்கை உயர்த்தித் தலைகளை எண்ணினார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்திராத காட்சி.

“ஆஹா, முழுக் கோரம்!” என்றார் நெகிழ்ந்து. “முறைப்படி ஒரு நிமிட மௌனப் பிரார்த்தனையோட ஆரம்பிக்கலாம்.”

எல்லோரும் கண்ணை மூடினார்கள். இருட்டில் அது தேவையே இல்லை.

“கதவைத் தொறங்க!” என்று உள்ளிருந்து சத்தம் வந்தது. அது யார் குரல் என்று யாருக்கும் முதலில் தெரியவில்லை. செம்பியனுக்கே தெரியவில்லை. “தொறக்கலைன்னா அடுத்தது மோட்டார் பியூஸு. புடுங்கி உடைச்சுப் போட்டுடுவேன். நாளைக்கு ஒருத்தர் வூட்லயும் தண்ணி வராது.”

மெட்ராஸ்காரர்களிடம் கரண்டைப் பறிக்கலாம், இண்டர்நெட்டைப் பறிக்கலாம். தண்ணீர் என்றதும் பிரார்த்தனை கலைந்தது. “மோட்டாரா?” என்று மூன்றாம் மாடிப் பெரியவர் அலறினார். “வெங்கடரமணன், தொறங்கோ ஓய்! காலமே எனக்குத் தண்ணி வேணும்!” எல்லாத் திசையிலிருந்தும் கைகள் அவரை முன்னால் தள்ளின. விதிகள் எதுவும் எந்த ஓட்டுக்கும் விடப்படாமலேயே பூட்டு திறந்துகொண்டது.

செம்பியன் வெளியே வந்தான். “யாருடைய அனுமதியில…” என்று வெங்கடரமணன் ஆரம்பித்தார். அவன் நிற்கவில்லை. பின்னால், பொறுப்பாளர் இல்லாமல் ரூம் திறந்து கிடக்கிறதே, யாராவது உள்ளே போய் உட்காருங்கள் என்று அவர் சொல்வதும், நீங்களே உட்காருங்கள் என்று நாலைந்து குரல்கள் ஒரே நேரத்தில் சொல்வதும் கேட்டது. வாசலில் ஆட்டோ காத்திருந்தது. தேவானை இறங்கி இடம் விட்டாள். கயல் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்; ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

அங்கே அவளை உள்ளே கொண்டுபோனார்கள். செம்பியன் வராந்தாவில் நின்றான். கொஞ்ச நேரத்தில் ஹாஜிரா பீ என்ற நர்சம்மா எட்டிப் பார்த்து, “கயல் வூட்டுக்காரர் யாரு? உள்ள வாங்க, பொண்டாட்டி கூப்புடறாங்க” என்றாள். கதவை அகலத் திறந்து, கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

செம்பியன் வாசல்படி வரைக்கும் வந்தான். நின்றுவிட்டான். ஹாஜிரா பீ ஏதோ எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோதும் அங்கேயே நின்றுகொண்டிருந்தான்.

“இன்னா நின்னுக்கினு கீறீங்க?”

“வரலாங்களா மேடம்? யாராண்டையாவது கேக்கணுமா? எங்க கையெழுத்துப் போடணும்?”

ஹாஜிரா பீ அவனை ஒரு மாதிரி பார்த்தாள். “கதவு தொறந்துதான கீது? அந்தப் பொண்ணு உன் பேரச் சொல்லிக் கத்துது. இதுக்கு மேல யாருப்பா சொல்லணும்?”

செம்பியன் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தான். வராந்தாவில் யாரும் இல்லை.

“யோவ், வந்து தொலைய்யா!” என்று உள்ளிருந்து கயல் கத்தினாள்.

அவன் உள்ளே போனான்.